பரோக் கால மை ஓவியங்களில் பக்தியும் படிப்பும்: பார்க்கவும் வரைந்து பழகவும் ஒரு முழு வழிகாட்டி

பழுப்பு மையில் சில கோடுகள், வளைந்த ஒரு முதுகு, மடியில் விரிந்த புத்தகம், ஓரத்தில் ஒரு மண்டையோடு. ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் 17ஆம் நூற்றாண்டுப் பக்கங்களைப் புரட்டினால் இப்படிப்பட்ட கோட்டோவியங்கள் வந்துகொண்டே இருக்கும். வண்ணமில்லை, அளவும் சிறியது, பாதி முடியாததுபோலத் தெரியும். அதனால் பலரும் ‘யாரோ ஒரு துறவி படிக்கிறார்’ என்ற அளவில் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கேயே நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை, கிறிஸ்தவ மரபில் வளர்ந்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரு மாலை நேரமும் ஒரு நல்ல திரையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரோக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், ஒரு புனிதரின் பக்தியைக் காட்ட ஓவியர் அதிகம் நம்பியது, அவர் படிக்கும் விதத்தை. தலை எவ்வளவு குனிகிறது, விரல் எந்த வரியில் நிற்கிறது, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா தாளில் விழுகிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அந்த மனிதரின் உள்ளத்தை அறிகிறோம். வரைகிற கையும் அதே மாதிரி ஒரு படிப்பில்தான் இருந்தது: பார்த்து வரைவது, திருத்தம் வாங்குவது, மறுபடி வரைவது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகினால் அந்தப் பழுப்புக் கோடுகள் பேச ஆரம்பிக்கும்.

படி 1: ஒரே ஒரு படம், அதன் உண்மையான அளவு

ஒரே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஆகியவற்றின் தளங்களில் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்ட்சர் தொகுப்பும் அப்படித்தான். இத்தாலிய ஓவியர் குவெர்ச்சீனோவின் கோட்டோவியங்கள் உலகிலேயே அதிகமாக இருப்பது அங்கேதான்.

பெரிதாக்குவதற்கு முன்னால் மில்லிமீட்டர் அளவைப் பாருங்கள். பின்னால் நாம் விரிவாகப் பார்க்கப்போகும் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படம் ஒன்று ஏறத்தாழ 194 × 124 மி.மீ. மட்டுமே. அந்த அளவுக்கு ஒரு தாளை வெட்டி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கதவளவு தெரிகிற முகம் உண்மையில் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியது என்று அப்போதுதான் உறைக்கும். இவை கையில் பிடித்துப் பார்க்கிற தூரத்துக்காக வரையப்பட்டவை. பிரார்த்தனைப் புத்தகத்தையும் அதே தூரத்தில்தான் பிடிப்பார்கள்.

படத்தின் தலைப்பை இப்போதைக்குப் படிக்க வேண்டாம். ‘புனித எரோணிமுஸ்’ என்று படித்துவிட்டால் கண் உடனே அவரோடு வழக்கமாக வரும் சிங்கத்தைத் தேடப் போய்விடும், கோடுகளைப் பார்க்காது.

படி 2: மையைப் பாருங்கள்

வழக்கமான வழிகாட்டிகள் கதையில் தொடங்கும். மையில் தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து. ஓவியர் எவ்வளவு வேகமாக வரைந்தார், எங்கே தயங்கினார், எங்கே அழுத்தினார் என்பதற்கெல்லாம் நேரடிச் சாட்சி அதுதான்.

அந்தக் காலத்தில் முக்கியமாக மூன்று மைகள் புழங்கின. முதலாவது மாசிக்காய் மை. ஓக் மரத்தில் குளவி முட்டையிட்ட இடத்தில் வீங்கி வளர்கிற காய்தான் மாசிக்காய். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதும் அதுவே. அதன் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதியைக் கரைத்து, வேலம் பிசின் சேர்த்தால் மை தயார். வரையும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கருக்கும், நூற்றாண்டுகள் போனால் பழுப்பாகும். அதில் உள்ள அமிலமும் இரும்பும் தாளை மெல்ல அரிக்கும். குவெர்ச்சீனோவின் பல படங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மை திட்டாகத் தேங்கிய இடத்தில் கோட்டைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் படர்ந்திருக்கும், சில இடங்களில் தாள் வெடித்து ஓட்டையே விழுந்திருக்கும். அவர் கை எங்கே மையைக் கொட்டியதோ அங்கேதான் அரிப்பும் அதிகம். ஆகவே அந்த ஓட்டைகள் அவர் எங்கே ஆழமான இருளை விரும்பினார் என்பதற்கான வரைபடமும்கூட.

இரண்டாவது பிஸ்டர். விறகு எரித்த புகைக்கரியைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினால் வருகிற பழுப்பு நீர். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், தாளை அரிக்காது. மூன்றாவது விளக்குக் கரியில் செய்த கறுப்பு மை. அது நிறம் மாறாமல் கறுப்பாகவே இருக்கும்.

எது எந்த மை என்பதைப் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய அட்டவணைகள் பழுப்பாக இருந்ததையெல்லாம் பிஸ்டர் என்று எழுதிவிடும். இப்போதைய அட்டவணைகள் ‘பழுப்பு மை’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வளையம், அரிப்பு, பின்பக்கம் ஊறிய தடம் இருந்தால் மாசிக்காய் மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 3: பேனாவையும் நீர்ப்பூச்சையும் பிரித்தறியுங்கள்

வாத்து இறகைச் சீவிச் செய்த பேனா வளைந்துகொடுக்கும். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாகும். நாணல் பேனா மொண்ணையானது. மை சீக்கிரம் தீர்ந்துவிடும். கோட்டின் முடிவில் உலர்ந்த தடம் இரண்டாகப் பிளந்து கிடக்கும். ரெம்பிராண்ட் 1650களில் நாணலை நிறையப் பயன்படுத்தினார். அந்த ஆண்டுகளின் விவிலியக் காட்சிகளில் உடைகள் பலகைபோல் நேர்க்கோடுகளாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நாணலைக் கொண்டு சுருள் கோடு போடுவது கடினம்.

பேனா வேலை முடிந்ததும் மையில் தண்ணீர் கலந்து தூரிகையால் பூசுவார்கள். இதை வாஷ் என்பார்கள். பரோக் ஓவியத்தின் இருளும் ஒளியும் இந்த ஒரே பூச்சில் வந்துவிடும். இங்கே தேட வேண்டியது பூசாமல் விட்ட இடம். வெள்ளை நிறம் தொட்டு வைப்பது உண்டு, ஆனாலும் பெரும்பாலும் வெளிச்சம் என்பது வெறும் தாள்தான்.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, ஏறத்தாழ 1653இல் ரெம்பிராண்ட் செய்த ‘இத்தாலிய நிலக்காட்சியில் படிக்கும் எரோணிமுஸ்’ என்ற எட்சிங், அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து எடுத்த அச்சு. அதற்கான பேனா ஓவியம் ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அச்சில் சிங்கத்தின் பிடரி, பாறை, பின்னாலுள்ள கட்டடம் எல்லாம் அடர்த்தியாக வேலை செய்யப்பட்டவை. நடுவில் உட்கார்ந்து படிக்கிற கிழவரோ ஏறக்குறைய வெறும் தாள். சில வெளிக்கோடுகளைத் தவிர எதுவும் இல்லை. ரெம்பிராண்ட் அதை முடிக்காமல் விட்டுவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயிலில் உட்கார்ந்து புத்தகத்தில் கரைந்துபோன ஒருவரை இதைவிட நேராகக் காட்ட முடியாது. சிங்கம் காவல் பார்க்கிறது, அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

படி 4: எந்தக் கோடு முதலில் விழுந்தது?

இந்தப் படிக்குப் பொறுமை வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கும் இடங்களைத் தேடுங்கள். கீழே மங்கலாகக் காவிக்கல்லின் சிவப்போ கரிக்கட்டியின் சாம்பலோ தெரிந்தால் முதல் யோசனை அதில் இருக்கிறது. மை அதைப் பின்பற்றுகிறதா, மீறுகிறதா என்று பாருங்கள். ஒரு கைக்கு மூன்று முழங்கை தெரிந்தால் மகிழுங்கள். ஓவியர் அந்தக் கையை எங்கே வைப்பது என்று உங்கள் கண்முன்னே யோசித்துக்கொண்டிருக்கிறார்.

குவெர்ச்சீனோவிடம் இது இன்னும் விரிவாக நடக்கும். ஒரு பலிபீட ஓவியத்துக்கு ஆர்டர் வந்தால், அதே காட்சியை வேறு வேறு தாள்களில் வேறு வேறு விதமாக வரைவார். புனிதர் ஒருமுறை இடப்புறம் பார்ப்பார், ஒருமுறை வானத்தை, ஒருமுறை புத்தகத்தை. கடைசியில் எண்ணெய் வண்ணத்தில் வந்தது ஒன்றுதான், ஆனால் கைவிட்ட யோசனைகளும் இன்று நம்மிடம் இருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பது ஒரு மனிதர் ஜெபத்துக்கு எந்தத் தோரணை பொருந்தும் என்று தேடுவதைப் பார்ப்பதற்குச் சமம். வின்ட்சர் தளத்தில் அவர் பெயரைத் தட்டி, ஒரே பொருளிலுள்ள படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அவர் 1591இல் பொலோஞ்ஞாவுக்கு அருகிலுள்ள செந்தோவில் பிறந்தவர். இளவயதிலேயே, 1616இல், சொந்த ஊரில் மனித உடலை நேரில் பார்த்து வரையும் பள்ளி ஒன்றை நடத்தினார். அவருடைய துறவிகளின் தோளும் கழுத்தும் அவ்வளவு நம்பும்படி இருப்பதற்கு அந்தப் பயிற்சி ஒரு காரணம்.

படி 5: இப்போது, யார் இவர்?

இனித் தலைப்புக்குப் போகலாம். அதற்கு முன் நீங்களே கண்டுபிடிக்க முயலுங்கள். புத்தகத்தோடு வரும் புனிதர்கள் சிலர்தான், அடையாளங்களும் தெளிவானவை.

சிங்கம், மண்டையோடு, சிவப்புக் கர்தினால் தொப்பி, மார்பில் அடித்துக்கொள்ளும் கல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் எரோணிமுஸ். விவிலியத்தை லத்தீனில் தந்தவர், பெத்லகேமில் வாழ்ந்து 420இல் இறந்தவர். அவரை ஓவியர்கள் மூன்று விதமாக வரைவார்கள்: அறையில் எழுதும் அறிஞராக, பாலைநிலத்தில் தவமிருப்பவராக, இறுதித் தீர்ப்பின் எக்காளத்தை வானதூதர் ஊத அதைக் கேட்டுத் திடுக்கிடுபவராக. மூன்றாவதுதான் பரோக் காலத்துக்கு மிகவும் பிடித்தது. படித்துக்கொண்டிருந்த ஒருவரின் படிப்பு கலைகிற கணம் அது. பேனா கையில் நின்றுபோயிருக்கும், தலை திரும்பியிருக்கும்.

வானதூதரோ சிறுவனோ பக்கத்தில் நின்று எழுதக் கற்றுக்கொடுப்பதுபோல் இருந்தால் நற்செய்தி எழுதிய மத்தேயு. கழுகு இருந்தால் இன்னொரு நற்செய்தியாளர் யோவான். எரிகிற இதயம் இருந்தால் அகுஸ்தினார். ஒரு பெண் சிறுமிக்குப் புத்தகத்தைக் காட்டினால் அன்னம்மாளும் அவர் மகளான, இயேசுவின் தாய் மரியாவும். வானதூதர் வரும்போது ஒரு இளம்பெண் வாசிப்பு மேசை முன் இருந்தால் மங்கள வார்த்தை, அதாவது மரியா இயேசுவைப் பெறுவார் என்று வானதூதர் கபிரியேல் அறிவிக்கும் காட்சி.

அன்னம்மாள் மரியாவுக்குப் படிக்கக் கற்றுத்தரும் காட்சியில் கொஞ்சம் நிற்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மக்கள் இதை மிகவும் விரும்பினார்கள். ஓவியர் முரில்லோ வரைந்தது மாட்ரிட்டின் பிராடோவில் இருக்கிறது. ஆனால் செவில் நகர ஓவியர் பிரான்சிஸ்கோ பச்சேகோ, 1649இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் காட்சியையே ஏற்க மறுத்தார். மரியா சிறுவயதிலேயே கோயிலில் ஒப்படைக்கப்பட்டவர், தூய ஆவியால் ஞானம் நிரம்பியவர், அவருக்கு ஆசிரியர் எதற்கு என்பது அவர் வாதம். பக்தி படிப்பினால் வருகிறதா, படிப்பைக் கடந்து வருகிறதா என்ற பெரிய விவாதம் ஒரு தாயின் விரலும் ஒரு புத்தகமும் இருக்கும் சின்னக் காட்சிக்குள் வந்துவிட்டது. ஓவியர்கள் பச்சேகோவின் பேச்சைக் கேட்கவில்லை. மக்களும்தான்.

படி 6: வாங்கியவர் யார், எந்தத் திருச்சபை?

1563 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தன் கடைசி அமர்வில் உருவங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. மீட்பின் கதைகளைப் படங்கள் வழியாக மக்களுக்குக் கற்பிக்க வேண்டும், ஆயர்கள் (பிஷப்புகள்) அதைக் கண்காணிக்க வேண்டும், புதுமாதிரி உருவங்களை அவர்கள் அனுமதி இல்லாமல் வைக்கக்கூடாது. பொலோஞ்ஞாவின் ஆயர் கபிரியேலே பலியோத்தி 1582இல் இதையே விரித்து ஒரு நூல் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமே புத்தகம் என்பது 600ஆம் ஆண்டளவில் பாப்பரசர் பெரிய கிரகோரி சொன்ன பழைய கருத்து. பலியோத்தி அதை ஓவியர்களின் கடமையாக மாற்றினார். ஏறத்தாழ அதே ஆண்டில் அதே ஊரில் கராச்சி குடும்பத்து ஓவியர்கள் ஓவியப் பள்ளி தொடங்கி, எதையும் நேரில் பார்த்து வரையச் சொன்னார்கள். ஆயர் தெளிவு கேட்டார், ஓவியர்கள் தெருவில் பார்த்த முகங்களைக் கொடுத்தார்கள். குவெர்ச்சீனோ இந்த இரண்டின் வாரிசு.

இதோடு சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டியது இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’, 1548இல் அச்சானது. கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கும்போது நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதையை மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். நீளம் என்ன, அகலம் என்ன, சமதரையா பள்ளத்தாக்கா, குகை எவ்வளவு பெரிது, எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஓவியர் காகிதத்தின் முன் உட்கார்ந்தவுடன் கேட்டுக்கொள்ளும் கேள்விகளும் இவையேதான். இயேசு சபையின் ஹெரோனிமோ நடால் தொகுத்த நற்செய்திப் படநூல் 1593இல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்தது. ரோமில் வரையப்பட்ட கோட்டோவியங்களை அடிப்படையாகக் கொண்டு, வீரிக்ஸ் சகோதரர்கள் உள்ளிட்டோர் செதுக்கிய 153 படங்கள். ஒவ்வொரு காட்சியிலும் ஏ, பி, சி என்று எழுத்துகள் ஆங்காங்கே இருக்கும். கீழே அந்தந்த எழுத்துக்கு விளக்கம் இருக்கும். கண் எந்த வரிசையில் நகர வேண்டும் என்பதையே சொல்லிக்கொடுக்கும் தியானப் பாடநூல் அது.

ஆம்ஸ்டர்டாமில் நிலைமை வேறு. அங்கே இருந்த புரட்டஸ்தாந்தப் பிரிவான கால்வினியரின் கோயில்களில் உருவங்கள் கிடையாது. பலிபீட ஆர்டர்களும் இல்லை. ஆனால் 1637இல் அரசு ஆதரவில் டச்சு மொழி விவிலியம் வந்துவிட்டது. பக்தி வீட்டு மேசைக்கு நகர்ந்தது. ரெம்பிராண்டும் அவர் மாணவர்களும் வரைந்த ஏராளமான விவிலியக் காட்சிகள் எந்த ஓவியத்துக்கும் முன்தயாரிப்பாக இல்லாமல் தனித்தே நிற்கின்றன. கதையை ஒருவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கான குறிப்பேடுகள் அவை. நீங்கள் எடுத்த படம் இந்த இரண்டு உலகங்களில் எதைச் சேர்ந்தது என்று முடிவு செய்துகொண்டால், அந்தப் புத்தகம் அங்கே ஏன் இருக்கிறது என்பதும் விளங்கும்.

படி 7: திருத்தப்பட்ட ஒரு பாடம்

கான்ஸ்டன்டைன் வான் ரெனெஸ்ஸே என்ற இளைஞர் ரெம்பிராண்டிடம் அவ்வப்போது பாடம் கேட்டவர். சிங்கக் குகையில் தானியேல் இருக்கும் காட்சியை வரைந்து, தாளின் பின்னால் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: 1649 அக்டோபர் 1ஆம் தேதி இதை ரெம்பிராண்டிடம் காட்டினேன், அவரிடம் போனது அது இரண்டாவது முறை. அந்தத் தாள் ரோட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மாணவனின் பரபரப்பு அப்படியே தேதியோடு மிச்சமிருப்பது அபூர்வம்.

பெர்லினில் உள்ள அவருடைய இன்னொரு தாள் நம் பொருளுக்கு நேராக வருகிறது. காட்சி மங்கள வார்த்தை. மாணவர் மெல்லிய கோடுகளில் எல்லாவற்றையும் கவனமாக வைத்திருக்கிறார், வானதூதரும் மரியாவும் அடக்கமான அளவில். அதன்மேல் ஆசிரியரின் நாணல் பேனா இறங்கியிருக்கிறது. கபிரியேல் பெரிதாகிவிட்டார். சிறகும் உடலும் தடித்த கோடுகளில் அறையை நிரப்புகின்றன. மரியாவின் அச்சத்துக்கு இப்போதுதான் காரணம் கிடைக்கிறது. மாணவர் கதையைச் சரியாக எழுதியிருந்தார், ஆசிரியர் அதன் பாரத்தைக் கொண்டுவந்தார். படி 4இல் சொன்னபடி எந்தக் கோடு மேலே, எது கீழே என்று பிரித்துப் பாருங்கள். இந்தத் தாளில் அது மிகத் தெளிவாகத் தெரியும். வீணைப் பாடத்தில் குரு சிஷ்யன் வாசித்த அதே வரியைத் திருப்பி வாசித்துக் காட்டுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

படி 8: மரத்தடியில் நான்கு பெரியவர்கள்

இதுவரை வந்ததெல்லாம் கிறிஸ்தவப் புனிதர்கள். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அங்கே இல்லை.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ரெம்பிராண்டின் ஒரு சிறிய தாள் இருக்கிறது, 1656 முதல் 1661 வரையிலான காலத்தது. படி 1இல் அளவு சொன்னது இதைத்தான். மரத்தடியில் தாடி வைத்த நான்கு இஸ்லாமியப் பெரியவர்கள் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். புத்தகமும் சின்னக் கோப்பைகளும் இருக்கின்றன. இது முகலாய நுண்ணோவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தது. அதே காட்சியின் முகலாய ஓவியம் ஒன்று வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனையில், சுவர்ப் பலகைகளில் பதிக்கப்பட்ட நுண்ணோவியங்களுக்கு நடுவே இன்றும் இருக்கிறது. இப்படி முகலாய ஓவியங்களைப் பார்த்து ரெம்பிராண்ட் வரைந்தவற்றில் ஏறத்தாழ 23 தாள்கள் தப்பியிருக்கின்றன. முகலாய ஓவியங்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தோடு ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தவை என்று கருதுகிறார்கள். நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த அதே கம்பெனி. அவர் இதற்குப் பயன்படுத்திய ஜப்பானியத் தாளும் அந்தக் கப்பல்களில்தான் வந்தது.

இப்போது மையைப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் அவர் கை நாணலோடு முரட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அது மாறிவிடுகிறது. கோடு மெலிகிறது, நிதானமாகிறது. தலைப்பாகையின் மடிப்பு, தாடியின் ஓரம், கோப்பை பிடித்த விரல் ஆகியவற்றை இன்னொரு ஓவியரின் பொறுமையைக் கடன் வாங்கிப் பின்பற்றுகிறார். ஐம்பது வயதில், ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற பிறகு, பெயர் தெரியாத ஓர் இந்திய ஓவியரிடம் மாணவராக உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் நிழல் அவருடையதுதான். முகலாய ஓவியத்தில் இல்லாத பழுப்பும் சாம்பலும் கலந்த பூச்சைச் சேர்த்து, அந்தப் பெரியவர்களைக் காற்றுள்ள ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்.

இதோடு ஒட்டிய இன்னொன்று இன்னும் முக்கியம். 1656இல் அவர் செய்த ‘ஆபிரகாம் வானதூதர்களுக்கு விருந்தளித்தல்’ என்ற எட்சிங்கில், கடவுளும் வானதூதர்களும் மேசை நாற்காலியில் இல்லை. இந்தப் பெரியவர்களைப் போலவே தரையில் விரிப்பின்மேல் அமர்ந்திருக்கிறார்கள். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் ஆபிரகாம் கீழை நாட்டவர், அவர் வீட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று ரெம்பிராண்ட் யோசித்திருக்க வேண்டும். விவிலியத்தைப் புரிந்துகொள்ள அவர் முகலாயத் துணைக்கண்டத்து அறிஞர்களின் அமர்வைப் படித்தார்.

இந்தப் பாதை மறுபக்கமும் ஓடியிருக்கிறது. 1580இல் பதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபையினர் அக்பருக்கு ஆண்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தைப் பரிசளித்தார்கள். அதிலிருந்த செதுக்கோவியங்களை அக்பரின் ஓவியர்கள் பார்த்து வரைந்தார்கள். ஆகவே ரெம்பிராண்ட் பார்த்த முகலாயக் கலைக்குள்ளேயே ஆண்ட்வெர்ப்பின் கோடு கொஞ்சம் ஊறியிருந்தது.

படி 9: நீங்களே வரைந்து பாருங்கள்

பார்த்தது கையில் ஏறினால்தான் நிற்கும். கடையில் வாங்கும் பழுப்பு மையே போதும். மாசிக்காய் மை செய்து பார்க்க ஆசை என்றால் 30 கிராம் மாசிக்காயை நொறுக்கி, 300 மி.லி. தண்ணீரில் கண்ணாடிப் பாத்திரத்தில் மூன்று நாள் ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். 20 கிராம் அன்னபேதியும், 10 கிராம் வேலம் பிசினும் சேர்த்துக் கரைத்து ஒரு நாள் விடுங்கள். சமையல் பாத்திரத்தில் செய்யக்கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, துணியில் பட்டால் கறை போகாது. இரும்பு முனைப் பேனாவையும் இது கெடுத்துவிடும். நாணல் தண்டு அல்லது மெல்லிய மூங்கில் குச்சியைச் சரிவாகச் சீவி, நுனியில் ஒரு கீறல் போட்டால் பேனா தயார். பருத்திக் கைத்தாள் நல்லது, வழவழப்பான தாளில் மை நிற்காது.

மூலப்படத்தின் உண்மையான அளவிலேயே வரையுங்கள். டிரேஸ் எடுக்க வேண்டாம். முதலில் ஐந்து நிமிடம் வெறுமனே பாருங்கள். பிறகு காவிக்கல்லோ பென்சிலோ கொண்டு மூன்றே கோடு: முதுகின் வளைவு, தலையின் சாய்வு, புத்தகத்தின் மட்டம். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால் படிப்பவர் வந்துவிட்டார். கண்ணிலிருந்து பக்கத்துக்குப் போகிற பார்வையின் திசை பிசகினால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆள் தூங்குவதுபோல் இருக்கும். பயிற்சி செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

மையை எடுத்ததும் நிழல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் படும் பக்கத்தில் கோட்டை நிறுத்திவிடுங்கள். குவெர்ச்சீனோவின் துறவிகளில் நெற்றியின் ஒளிப்பக்கத்தில் பல நேரம் கோடே இருக்காது, நம் கண்தான் அதை மூடிக்கொள்ளும். திருத்தம் தேவைப்பட்டால் அழிக்காமல் பக்கத்திலேயே புதிய கோடு போடுங்கள். பேனா வேலை நன்றாக உலர்ந்தபின் வாஷ். இரண்டு அடர்த்தி போதும்: ஒரு பங்கு மைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் முதலில் பெரிய பரப்பில், அது காய்ந்ததும் கொஞ்சம் கெட்டியாக, புத்தகத்தின் அடி, தாடியின் கீழ், கண்குழி ஆகிய இடங்களில் மட்டும். புத்தகத்தின் பக்கத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

முடிந்ததும் மூலத்தையும் உங்கள் தாளையும் பக்கத்தில் வைத்து, மூல ஓவியர் எங்கெல்லாம் வரையவில்லை என்று மட்டும் ஒப்பிடுங்கள். நீங்கள் கூடுதலாகப் போட்ட கோடுகளை விரலால் எண்ணி, தாளின் பின்னால் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த வாரம் அதே படத்தை மறுபடி வரையுங்கள். முதல் முயற்சிக்குக் குவெர்ச்சீனோவின் ஒற்றை உருவம் ஏதாவது, அதில் கை பழகிய பிறகு பெர்லின் மங்கள வார்த்தை, அதற்கும் பிறகு மரத்தடிப் பெரியவர்கள் என்ற வரிசையில் போகலாம். கடைசியில் உள்ளதற்கு நாணலை வைத்துவிட்டு மெல்லிய இறகுப் பேனாவோ நுண்ணிய நிப்போ எடுத்துக்கொள்ளுங்கள்.